கண்ணாடியைக் கொடுத்துவிட்டுக் கண்ணைப் பார்த்தவன்

குரும்பகரத்தை விட்டு நடந்துகொண்டிருந்தேன். மதியம் ஒன்றரை மணி, தை மாதத்து வெயில். ஒரு கையில் எலுமிச்சை சாதப் பொட்டலம், இன்னொரு கையில் வார் அறுந்த செருப்பு, மூக்கின்மேல் கறுப்புக் கண்ணாடி. போகிற இடம் திருவேட்டக்குடி. மறுநாள் காலையில் அங்கே படகுகளுக்கு ஐஸ் உடைக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்வி. அன்று காலையிலிருந்து பார்த்த வேலையைப் பிரமாதமாக முடித்துவிட்டேன் என்ற நினைப்பில் ராஜநடை போட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு மோசமாக ஒரு வேலையை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

கண் முகாம் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். இதே வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். விளக்கை எப்படிப் பிடிப்பது, சொட்டு மருந்தை எப்படி விடுவது என்பதெல்லாம் பயிற்சியில் வந்துவிடும். அந்த ஒரு மத்தியானத்தில் நடந்தது பயிற்சியில் வராது. அதை எழுதுகிறேன்.

நான் ஏழாம் வகுப்பு வரை படித்தவன். எட்டாம் வகுப்பின் முதல் வாரத்தில் பள்ளிக்கூடம் இருக்கிற பக்கம் கால் போகவில்லை. வேறு பக்கம் போனது. போனது போனதுதான். வாத்து மேய்த்தேன், கல்யாணப் பந்தல் போட்டேன், லாரியில் கிளீனராக இருந்தேன். ஒரே ஊரில் ஆறு மாதம் தங்கினால் உள்ளங்கால் அரிக்கும். சாப்பாடு கிடைத்த நாளில் சாப்பிட்டேன், கிடைக்காத நாளில் சீக்கிரம் தூங்கினேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. நாற்பத்தெட்டு வயது வரை இப்படியே ஓடிவிட்டது.

முந்தின நாள்தான் மண்டபத்தூரில் ஐஸ் கம்பெனி வேலையை விட்டிருந்தேன். மேஸ்திரிக்கும் எனக்கும் ஒரு நாய் விஷயமாக மனஸ்தாபம். நாய் பக்கம் நியாயம் இருந்தது என்று இன்றும் சொல்வேன். நடந்து நடந்து குரும்பகரம் வந்து பேருந்து நிழற்குடையில் படுத்தேன். காலையில் முதல் பேருந்து நிற்காமல் போனது. "யோவ், நிறுத்துய்யா!" என்று ஒரு சத்தம் போட்டேன். பேருந்து நிற்கவில்லை. அதற்குப் பின்னால் வந்த கண் முகாம் வண்டி நின்றது. அதற்குப் பின்னால் வந்த டிராக்டரும் நின்றது. வயலில் இருந்த கொக்குகள் எழுந்து அடுத்த வயலுக்குப் போயின.

வண்டியிலிருந்து ஒரு டாக்டரம்மா இறங்கினார். ஒல்லியான உருவம், வேக நடை, எப்போதும் கரகரத்த குரல். முகாம் ஒலிபெருக்கி அன்று காலையில்தான் செத்துப் போயிருந்ததாம்.

"இந்தத் தொண்டையை எங்களுக்கு ஒரு நாளைக்குக் குடுங்க. நாலு தெருவுக்கும் போய்ச் சொல்லணும். அப்புறம் வாசல்ல நின்னு வர்றவங்களைப் பிரிச்சு அனுப்பணும்," என்றார்.

பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி, எப்படிப் பிரிப்பது என்றும் சொன்னார்.

"ஊர்ல மெட்ராஸ் ஐ ஓடிக்கிட்டிருக்கு. ரெண்டு கண்ணும் செவந்து, பீளை கட்டி, காலையில இமை ஒட்டிக்கிட்டு, வீட்டுலயும் நாலு பேருக்கு இருக்குன்னா அது மெட்ராஸ் ஐ. அவங்களை இந்தப் பக்கம் அனுப்புங்க, நர்ஸ் சொட்டு மருந்து குடுப்பாங்க. ஆனா ஒரே கண்ணு, பீளை இல்ல, வலி இருக்கு, வெளிச்சம் கூசுது, பார்வை புகையாத் தெரியுதுன்னு யாராவது சொன்னா நேரா என்கிட்ட வரணும். அது கண்ணுக்கு உள்ளார வர்ற அழற்சி. வெளியில பாத்தா ரெண்டும் ஒரே சிவப்பு. அதனால கண்ணைப் பாத்துக் கேளுங்க."

எல்லாம் புரிந்தது. கடைசி வாக்கியம் மட்டும் பிடிக்கவில்லை. மெட்ராஸ் ஐ வந்தவன் கண்ணைப் பார்த்தால் நமக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். அது பொய், ஒட்டுவது கையாலும் துண்டாலும் தலையணையாலும்தான் என்று பிறகு ஆயிரம் தடவை மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அறுபது பேர் கண்ணை வெறுங்கண்ணால் பார்த்தால் நான் என்ன ஆவேன்?

வாசலில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக் கண்ணாடிகள். கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்காக வாங்கி வைத்தவை என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டாகக் குறைத்து எடுத்திருப்பேன். கண் சிவந்து வந்த ஒவ்வொருவருக்கும் முதலில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து மாட்டச் சொன்னேன். எனக்கும் ஒன்று மாட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு எதிரில் நிற்கிறவரின் கறுப்புக் கண்ணாடியை என் கறுப்புக் கண்ணாடியால் உற்றுப் பார்த்து, "மெட்ராஸ் ஐதான். இந்தப் பக்கம் போங்க," என்றேன். வரிசை மளமளவென்று நகர்ந்தது. நர்ஸே வந்து பாராட்டிவிட்டுப் போனார்.

நடுவில் ஒருவர் தலைக்குமேல் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி வந்தார்.

"கல்யாணப் பொண்ணு வருது, வழி விடுங்கப்பா!" என்றது வரிசை.

நானும் சிரித்தேன். துண்டுக்குள் கையை விட்டுக் கண்ணாடியை மாட்டினேன்.

"ஏங்க, எனக்கு வந்து இந்த ஒரு..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும் தெரியும். மெட்ராஸ் ஐ. அடுத்து!"

ஒரு மணிக்கு வரிசை தீர்ந்தது, பெட்டியும் தீர்ந்தது. எலுமிச்சை சாதத்தை வாங்கிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். சொல்லிக்கொண்டு கிளம்புகிற பழக்கம் எனக்கு இல்லை.

பாதி வழியில் எதிரே ஒரு மொபெட் வந்து குறுக்கே நின்றது. ஓட்டி வந்தது நாற்பது வயதுப் பெண். பேர் இந்திராணி, அங்கன்வாடியில் சமையல் வேலை என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

"அண்ணே, காலையில ஊரைக் கூட்டிக் கத்துனது நீங்கதானே?"

"ஆமாம்மா."

"எங்க வூட்டுக்காரரு கலியமூர்த்தி முகாமுக்கு வந்தாரு. இன்னும் வூடு திரும்பல. வர்ற வழியில பாத்தீங்களா?"

"அடையாளம் சொல்லும்மா."

"கறுப்புக் கண்ணாடி போட்டுருப்பாரு."

நான் என் கண்ணாடியைக் கழற்றினேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க இல்ல," என்றாள்.

"மெட்ராஸ் ஐதானேம்மா. எங்கயாவது மர நெழல்ல குந்தியிருப்பாரு."

"என்ன மெட்ராஸ் ஐ? எங்க தெருவுல எல்லாருக்கும் வந்து போயிடுச்சு, எனக்கும் வந்துச்சு. காலையில இமையைப் பிரிக்க வெந்நீர் வேணும். இவருக்குப் பத்து நாளா வலது கண்ணு மட்டும் செவந்திருக்கு. ஒரு பொட்டு பீளை கிடையாது. ஆனா கதவைத் தொறந்தா கத்துறாரு. எம் மூஞ்சி புகைக்குள்ள இருக்கிற மாதிரி தெரியுதாம். இருவது வருசமா அப்படித்தானே பாக்குறீங்கன்னு நான் பாட்டுக்குச் சிரிச்சிட்டேன்."

ஒரே கண். பீளை இல்லை. வெளிச்சம் கூசுகிறது. புகை. டாக்டரம்மா சொன்னதை இவள் மறுபடி ஒப்பிப்பதுபோல் இருந்தது. தலையில் துண்டு போட்ட கல்யாணப் பெண் நினைவுக்கு வந்தார்.

"காரைக்காலுக்குக் கூட்டிக்கிட்டுப் போயேம்மா."

"இன்னக்கி ஞாயித்துக்கெழமை. மத்த நாளுன்னாலும் அறுப்பு முடியட்டும்பாரு. நடக்குற தூரத்துல முகாமுன்னுதான் இதுக்கே வந்தாரு. சொட்டு மருந்து வாங்கிட்டாருன்னு தெருவுல சொன்னாங்க. டாக்டரே பாத்துட்டாங்கன்னு இனிமே மாசக்கணக்கா நகரமாட்டாரு."

டாக்டர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். நானும் பார்க்கவில்லை.

இங்கே உங்களுக்கு ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நான் திரும்பியது நல்ல மனதால் அல்ல. பல ஊர்களை விட்டு ஓடியவன் நான். ஓடும்போது பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் காது கேட்காது. இவள் முன்னால் நின்றாள். ரோடு குறுகல், இரண்டு பக்கமும் சேறு. மொபெட்டைச் சுற்றிப் போக வழியில்லை. அந்த ஒரு நிமிடம் நின்றதால் யோசிக்க வேண்டியதாகிவிட்டது. முகாம் வண்டி மூன்று மணிக்கு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும். அதற்குள் அந்த மனிதரை டாக்டரம்மா முன்னால் கொண்டுபோய் நிறுத்தாவிட்டால் அந்தக் கண் போய்விடும். போனால் அதற்குக் காரணம் நான். இதை யோசித்து முடித்த பிறகு திருவேட்டக்குடி ரொம்ப தூரமாகத் தெரிந்தது.

"வண்டியை ஊருக்குள்ள விடும்மா," என்று பின்னால் ஏறினேன்.

ஊருக்குள் நுழைந்தால் திரும்பிய பக்கமெல்லாம் கறுப்புக் கண்ணாடி. டீக்கடை பெஞ்சில் நான்கு, டிராக்டர்மேல் ஒன்று, பொதுக் குழாயடியில் இரண்டு. வாத்து மேய்க்கிறவர் ஒன்று மாட்டிக்கொண்டு கரையில் நின்றார். பிள்ளையார் கோயில் படியில் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு ஆட்டுக்கும் மாட்டி விட்டிருந்தார்கள். அதற்கு எல்லோரையும்விடப் பொருத்தமாக இருந்தது.

இந்திராணி டீக்கடை ஓரம் திரும்பி நின்ற ஒருவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, எவ்ளோ நேரமாத் தேடுறது?"

அவர் திரும்பினார். "தங்கச்சி, நான் மேலத்தெரு."

"அட, ஒங்க சட்டையும் இதே கலருதானா! சனியன் புடிச்ச கண்ணாடி."

நான் தொண்டையைத் திறந்தேன். "கலியமூர்த்தீ!"

மூன்று பேர் "என்னா?" என்றார்கள். காவிரித் தண்ணீர் பாய்கிற ஊர்களில் கலியமூர்த்திக்குப் பஞ்சமே கிடையாது. மூன்று பேரும் கறுப்புக் கண்ணாடி.

"எல்லாரும் கண்ணாடியைக் கழட்டுங்க!"

"கழட்டமாட்டோம். நீதானேய்யா காலையில, கண்ணைக் கண்ணு பாக்கக் கூடாதுன்னு தெருத்தெருவாக் கத்துன?" என்றார் டீக்கடைக்காரர்.

கத்தினேன்தான். டாக்டரம்மா சொல்லாததையும் சேர்த்துக் கத்தியிருந்தேன். குரல் நன்றாக இருந்தால் வாய் அதன் பின்னால் ஓடும். இந்த வேலையில் கத்துகிறவர்களுக்கு இது ஒரு ஆபத்து, கவனமாக இருங்கள்.

மணி இரண்டேகால். அப்போதுதான் முதன்முறையாக அந்த மனிதரின் கண்ணுக்குள்ளிருந்து யோசித்தேன். இங்கே வெயிலில் உட்கார்ந்து படம் எடுக்கிறவர்களுக்குக் கண்ணாடி ஒரு வேஷம். அவருக்கு இந்தக் கண்ணாடி போதாது. கதவைத் திறந்தாலே கத்துகிறவர் இந்த நேரத்தில் எங்கே இருப்பார்?

"இந்த ஊர்ல இருக்கிறதிலேயே ரொம்ப இருட்டான எடம் எது?" என்று கேட்டேன்.

ஊர் உற்சாகமாகிவிட்டது. கோயில் கருவறை என்றார் ஒருவர். அது பூட்டியிருக்கிறது. மோட்டார் கொட்டகை என்றார் இன்னொருவர். அங்கே கூரை இல்லை. "என் மச்சினன் மூளை," என்றார் ஒரு கலியமூர்த்தி. இந்திராணி மொபெட்டை உதைத்தாள்.

"அடியாத்தா. அறுப்புக்கு முன்னாடி காலியாத்தானே கெடக்கு!"

அவர்கள் வீட்டுக் கூடத்தின் மூலையில் சிமெண்டு வளைய உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய குதிர் இருந்தது. நெல் கொட்டி வைப்பதற்கு. ஆள் உயரம், மேலே பலகை மூடி. பக்கத்தில் ஒரு முக்காலி கவிழ்ந்து கிடந்தது. இந்திராணி குதிரை உள்ளங்கையால் தட்டினாள்.

"ஏங்க!"

"நான் இங்க இல்ல," என்றது குதிர்.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று பழமொழியில் பிள்ளைதான் காட்டிக்கொடுக்கும். இங்கே அப்பனே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டார்.

"யாராவது கேட்டா நான் இல்லன்னு சொல்லிடு. இங்க நல்லா இருக்கு. கூசல. அறுப்பு வரைக்கும் இங்கயே இருந்துக்குறேன். சோத்தை மேலேருந்து குடு."

"ஆமா, நாளக்கி நெல்லையும் மேலேருந்து கொட்டுறேன்."

அவரை வெளியே எடுக்க அரை மணி நேரம் ஆனது. பலகையை நகர்த்தினால் அலறினார். கடைசியில் ஒரு சாக்கை உள்ளே போட்டேன். இருட்டோடேயே வெளியே வரலாம் என்று சொன்னேன். அது அவருக்குப் பிடித்தது. சாக்கைத் தலை வழியாக இடுப்பு வரை மாட்டிக்கொண்டு ஏறி வந்தார். மொபெட்டில் இந்திராணி முன்னால், மூட்டை நடுவில், நான் பின்னால். மூட்டை விழாமல் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்துக்கு வந்தால் வாசல் காலி. வண்டி இப்போதுதான் போகிறது என்றார் வாட்ச்மேன். அடுத்த முகாம் காரைக்கால் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் கொஞ்சம் வேகமாகப் போனாலும் தமிழ்நாடு வந்துவிடும். இந்திராணி வேகமாகப் போனாள்.

எல்லையில் சோதனைச் சாவடி. காரைக்காலிலிருந்து வெளியே போகிற மூட்டையில் மலிவான சாராயம்தான் இருக்கும் என்று அங்கே இருக்கிறவர்களுக்கு ஒரு அனுபவம் உண்டு. ஒரு போலீஸ்காரர் கை காட்டினார்.

"ஓரங்கட்டு. மூட்டையில என்னம்மா?"

"எங்க வூட்டுக்காரரு சார்."

"நெல்லும்பாங்க, தவிடும்பாங்க. புருசன்னு இன்னக்கித்தான் கேக்குறேன்."

"வணக்கம் சார்," என்றது மூட்டை.

போலீஸ்காரர் இரண்டடி பின்னால் போய், பிறகு மூன்றடி முன்னால் வந்தார். எங்களைச் சாவடிக் கொட்டகைக்குள் கூட்டிப்போய்ச் சாக்கை மெல்லத் தூக்கச் சொன்னார். கண்ணாடியையும் கழற்றச் சொன்னார். டார்ச்சை அடித்தார். கலியமூர்த்தி "ஐயோ!" என்று சுருண்டார்.

"கண்ணு ரத்தமா செவந்திருக்கு. மூட்டையில சரக்கு இல்ல, சரியா? சரக்கு ஆளுக்குள்ள இருக்கு."

"சார், ஒரு கண்ணு மட்டும் குடிக்குமா சார்?" என்று கேட்டாள் இந்திராணி.

அவர் யோசித்தார். நியாயமான கேள்விதான் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்து, "நீ யாரு? நீ பாத்துச் சொல்லு, இது என்ன?" என்று டார்ச்சை மறுபடி காட்டினார்.

காலையில் அறுபது பேரைப் பார்க்காமல் அனுப்பியவன். இப்போது தப்பிக்க வழியில்லை. என் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கண்ணைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் நேராகப் பார்த்த முதல் நோயாளிக் கண் அது. கருவிழியைச் சுற்றி அடர்ந்த சிவப்பு. நடுவில் வட்டமாக இருக்க வேண்டிய கண்மணி வட்டமாக இல்லை. ஓரத்தில் எறும்பு கடித்த அப்பளம் மாதிரி கோணலாக இருந்தது. எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வட்டம் எது, வட்டம் இல்லாதது எது என்று ஏழாம் வகுப்புக்குள் சொல்லித் தந்திருந்தார்கள்.

"சார், இவரு குடிக்கல. இவருக்குக் கண்ணு போயிக்கிட்டிருக்கு. அந்த வண்டியைப் புடிக்கணும்," என்றேன். என் குரல் அவ்வளவு சின்னதாக வந்ததை நானே கேட்டதில்லை.

அவர் டார்ச்சை அணைத்தார். "கண் முகாம் வண்டியா? அந்தா டீ குடிக்கிறாங்க பாரு."

சாவடிக்கு அந்தப் பக்கம் ஐம்பதடியில் டீக்கடை. டாக்டரம்மா கையில் கிளாஸ். ஒரு மூட்டை நடந்து வருவதைப் பார்த்தும், குதிர்க் கதையைக் கேட்டும் அவர் முகம் மாறவில்லை. கடைக்குள் ஒரு மூலையில் உட்கார வைத்து, பையிலிருந்து சின்ன விளக்கை எடுத்து ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கேட்டது கண்ணைப் பற்றி இல்லை.

"வயல்ல வேலையா?"

"ஆமாங்க."

"மழைத் தண்ணி நின்னப்ப எறங்குனீங்களா?"

"கார்த்திகையில வாய்க்கால் ஒடைஞ்சு போச்சுங்க. நாலு நாள் இடுப்பளவு தண்ணி. எலி வளையெல்லாம் அடைச்சேன். கால்ல வெட்டு வேற."

"அப்புறம் காய்ச்சல்?"

"வந்துச்சு டாக்டரு," என்றாள் இந்திராணி. "கெண்டைக்கால் அப்படி வலிச்சுதுன்னு கத்துனாரு. கண்ணு ரெண்டும் செவந்துச்சு. ஒரு வாரத்துல எல்லாம் சரியாப் போச்சு. அது போயி ரெண்டு மாசம் ஆவுதே."

"காய்ச்சல் போச்சு. கிருமி விட்டுட்டுப் போனது கண்ணுக்குள்ள இப்ப வேலை பாக்குது. எலி மூத்திரம் கலந்த தண்ணியில இருந்து வர்ற காய்ச்சலா இருக்கலாம், ரத்தம் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். கண்மணி பின்னாடி லென்சோட ஒட்ட ஆரம்பிச்சிருச்சு. இன்னும் கொஞ்ச நாள் குதிருக்குள்ள இருந்திருந்தீங்கன்னா வெளியில வந்தும் இருட்டுதான்."

கலியமூர்த்தி சாக்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "அறுப்பைப் பாப்பேனா டாக்டரு?" என்று கேட்டார். அதுவரை அவர் கேட்ட ஒரே ஒழுங்கான கேள்வி.

"மருந்தை மணிக்கொரு தடவை விட்டா, நாளைக்குக் காரைக்கால் ஆஸ்பத்திரிக்கும் போனா, பாப்பீங்க," என்று கண்மணியை விரிக்கிற சொட்டு ஒன்றை அங்கேயே விட்டார். எப்போது எதை விடுவது என்று இந்திராணிக்கு இரண்டு தடவை சொன்னார். காய்ச்சலைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொன்னது அவள்தான்.

சிவந்த கண்ணை நீங்கள் ஆயிரக்கணக்கில் பார்க்கப் போகிறீர்கள். அதனால் கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைச் சொல்கிறேன். கண்ணுக்குள் அழற்சி ஊருக்கு ஊர் வேறு வாசல் வழியாக நுழைகிறது. நெல் விளைகிற ஊரில் காலைக் கேட்க வேண்டும், எந்தத் தண்ணீரில் நின்றது என்று. குளம் அதிகமுள்ள ஒரு ஊரில் ஒன்பது வயதுப் பெண்பிள்ளையின் கருவிழிக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு பொட்டு. சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கிறது என்று அவள் அம்மா ஒரு வாரமாக ஊதிக்கொண்டிருந்தார். நத்தை வாழ்கிற குளத்தில் முங்கி விளையாடியதில் கண்ணுக்குள் போன புழு அது. மண்டபத்தூரில் ஒரு வலைக்காரர் வருடத்துக்கு இரண்டு முறை கண் சிவந்து வருவார். விடியலில் முதுகு மரக்கட்டையாக இருக்கிறது, வலை இழுத்ததுதான் என்பார். வலை இல்லை, முதுகையும் கண்ணையும் பிடித்தது ஒரே வியாதி. நாள்பட்ட இருமலைக் கேட்டால் சில பேருக்குக் காச நோய் பிடிபடும். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த ஒரு பாய்க்கு எல்லாச் சோதனையும் எடுத்தும் காரணம் கிடைக்கவில்லை. "மூணு மாசமா ஒண்ணும் தெரியலங்குறீங்களே, அல்லாவுக்காவது தெரியுமா?" என்று கோபப்பட்டார். டாக்டரம்மா, "அவன்கிட்ட நீங்க கேளுங்க. அதுவரைக்கும் சொட்டு மருந்தை நிறுத்தாதீங்க," என்றார். பல பேருக்குக் காரணம் கிடைக்காது. கேட்காமல் விட்டால் கிடைக்கவே கிடைக்காது.

டீக்கடைக்குத் திரும்புவோம். டாக்டரம்மா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவரு உங்க வரிசையில வந்தாரா?"

"வந்தாருங்க."

"கண்ணைப் பாத்துட்டுக் கண்ணாடியைக் குடுத்தீங்களா, கண்ணாடியைக் குடுத்துட்டுக் கண்ணைப் பாத்தீங்களா?"

"கண்ணாடியைக் குடுத்துட்டுத்தாங்க," என்றேன். அவர் கடைசிவரை மரியாதை குறையாமல் பேசியதுதான் அதிகம் சுட்டது. மேஸ்திரி மாதிரி இரண்டு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் கிளம்பிப் போயிருப்பேன்.

"அப்ப அறுபது பேர்ல இன்னொரு கலியமூர்த்தி இருக்காரா இல்லையான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"மூணு கலியமூர்த்தி இருக்காங்க டாக்டரு," என்றாள் இந்திராணி உதவியாக.

டாக்டரம்மா பையிலிருந்து நர்ஸ் எழுதிய பேர்ப் பட்டியலையும் ஒரு சின்ன விளக்கையும் எடுத்து என்னிடம் நீட்டினார். "நாளைக்குக் காலையில ஒவ்வொரு வீடாப் போங்க. ஒவ்வொரு கண்ணாப் பாருங்க. சந்தேகம் இருக்கிற ஆளை எனக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க. ஒவ்வொரு வீட்டுலயும் கையைக் கழுவுங்க."

"நாளைக்கு எனக்குத் திருவேட்டக்குடியில ஐஸ் வேலைங்க."

"ஐஸ் காத்திருக்குமா?"

"காத்திருக்காதுங்க. உருகிடும்."

"கண்ணும் அப்படித்தான்," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

காலையில் ஆறரை மணிக்கு முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன். முதல் வீடாக நானே தேர்ந்தெடுத்தது இந்திராணி வீடு. கூடத்தில் ஜன்னலைச் சாத்தி, காரைக்கால் போக வேட்டி மாற்றிக்கொண்டு கலியமூர்த்தி பாயில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குதிர், மூடி போட்டபடி. இந்திராணி இரவெல்லாம் மருந்து விட்டிருந்தாள். அவர் கண்ணைவிட அவள் கண்தான் இப்போது அதிகம் சிவந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். கண்மணி பெரிதாக விரிந்திருந்தது. கீழே ஒரு மூலை மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றபடி வட்டம்.

"ஏதாவது தெரியுதா?"

இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு வலது கண்ணால் என்னை ரொம்ப நேரம் பார்த்தார்.

"கலங்கலாத்தான் தெரியுது. ஆனா தெரியுது. நேத்து அந்தக் குரலைக் கேட்டுட்டு, நல்லா வாட்டசாட்டமான ஆளுன்னு நெனச்சிருந்தேன்."

"ஏங்க, கண்ணு தெரிஞ்ச அன்னக்கே ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றாள் இந்திராணி.

கையைக் கழுவிக்கொண்டு, பட்டியலில் ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் இரண்டாவது கலியமூர்த்தி. தூங்கி எழுந்த முகம், அதன்மேல் கறுப்புக் கண்ணாடி.

"முதல்ல அதைக் கழட்டுங்க," என்றேன்.